வெறுங்கையோடு ஒரு நடை

“காசு குடுத்துப் பாரம் சுமக்கவோ போறியள்?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார்.

“வள்ளம் வலிக்கப் போறம் அம்மா” என்றேன்.

“வள்ளத்திலை போறவைக்கு ஏன் வள்ளம் தலையிலை இருக்குது?”

மகள் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். படத்தில் மகளின் முகம் தெரியாது. கவிழ்த்த கனூ ஒன்றும் அதன் கீழே சேறு பூசிய இரண்டு கால்களும் மட்டும்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நண்பிகளுடன் போய்ப் பழகிக்கொண்டு வந்தவள், அந்த ஓகஸ்ட் மாதம் என்னையும் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போவதாக அறிவித்திருந்தாள். அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணிநேரம் காரில் போனால் அல்கொன்குவின் பூங்கா. 1893இல் உருவாக்கப்பட்டது. 7,600 சதுரக் கிலோமீற்றருக்கும் கூடுதலான பரப்பு. பூங்கா என்று சொன்னாலும் உள்ளே இருப்பது காடும் ஏரிகளும்தான். 2,000 கிலோமீற்றருக்கு மேல் கனூவில் போகக்கூடிய நீர்வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லா ஏரிகளும் ஒன்றோடொன்று தொடுப்பதில்லை. இடையில் நிலம் கிடக்கும், பாறை கிடக்கும், வள்ளம் போகமுடியாத வேகத்தில் ஆறு பாயும். அந்த இடங்களில் கரையில் இறங்கி, கனூவையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அடுத்த ஏரிவரை நடக்க வேண்டும். இதற்குத்தான் போர்ட்டேஜ் என்று பெயர். சுமத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த நிலத்தின் மூத்த மக்களுக்கு அதற்கு முன்பே தங்கள் சொல் இருந்தது. சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள புகழ்பெற்ற சுமைப்பாதையை அனிஷினாபே மக்கள் கிச்சி ஒனிகமிங் என்பார்கள், பெரிய சுமக்குமிடம் என்று அர்த்தம். எங்களுக்குள் பேசிக்கொள்ள நான் சுமைநடை என்று ஒரு சொல் வைத்துக்கொண்டேன். இங்கும் அதையே எழுதுகிறேன்.

எனது முதல் சுமைநடை கனூ ஏரிக்கும் ஜோ ஏரிக்கும் இடையிலானது. மரத்தில் அறைந்திருந்த மஞ்சள் பலகையில் 295 மீற்றர் என்று எழுதியிருந்தது. அகலமான, நல்ல பாதை. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். 295 மீற்றர் என்றால் எங்கள் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு கனூ, நான்கு பெண்கள், மூன்று இரவுகள். மற்ற மூவரும் தங்களுக்கு வேண்டியதைக் கொண்டு வந்திருந்தார்கள். நான் எல்லோருக்கும் வேண்டியதைக் கொண்டு வந்திருந்தேன். அரிசி, புட்டுமா, மிளகாய்த்தூள், வறுத்த கருவாடு, இரண்டு சட்டி, ஒரு தாச்சி, யாருக்கும் குளிர்ந்தால் என்று மேலதிகமாக மூன்று கம்பளி, யாருக்கும் காய்ச்சல் வந்தால் என்று ஒரு மருந்துப் பெட்டி, யாரும் செருப்பை மறந்தால் என்று இரண்டு சோடி செருப்பு. மீன் ரின்கள் ஆறும் வைத்திருந்தேன். தகர ரின்னும் போத்திலும் அந்தக் காட்டுக்குள் கொண்டுபோகத் தடை என்று சொல்லி மகள் அவற்றைக் காரிலேயே விட்டுவிட்டாள். மிச்சம் எல்லாம் வந்தது.

ஆளுக்கு மூன்று சுமை. மூன்று சுமையை அக்கரை சேர்க்கப் போவது மூன்று தடவை, வருவது இரண்டு தடவை, ஆக ஐந்து நடை. 295 மீற்றர் பாதைக்கு நான் 1,475 மீற்றர் நடந்தேன். அதற்கிடையில் ஒரு துடுப்பைக் காணவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று இந்தக் கரையிலும் அதன் மூடி அந்தக் கரையிலும் கிடந்தன. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எங்கள் மூட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போய், எங்களுக்கு முன்பே ஏரியில் இறங்கிவிட்டார்கள். அன்றிரவு கூடாரத்துக்கு வெளியே இருந்து மகள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அந்த மூண்டு கம்பளியும் ஆருக்கு?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. எனக்குக் குளிருமென்று நான் ஒன்றும் எடுத்து வரவில்லை. மூன்றும் மற்றவர்களுக்கு.

---

சுமைநடையில் வினைத்திறன் என்பது வேகமாக நடப்பதல்ல என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடங்கள் எடுத்தன. மகள் சொல்லித் தந்ததையும் நானே அடிபட்டுப் படித்ததையும் இங்கே வைக்கிறேன். போக நினைக்கும் பெண்களுக்கு உதவும்.

பாதையில் நேரம் போவது நடப்பதில் அல்ல, இரண்டு கரைகளிலும்தான். இறங்கி, எதை யார் எடுப்பது என்று யோசித்து, அவிழ்த்து, திரும்பக் கட்டி, தேடி. ஆகவே கையில் தொங்கும் உதிரிச் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, வரைபடம், செருப்பு எல்லாம் மூட்டைக்குள் போக வேண்டும், அல்லது மூட்டையோடு கட்டப்பட வேண்டும். துடுப்புகளைக் கனூவின் உள்ளே கட்டிவிடலாம். பத்து உதிரிச் சாமான் என்றால் அது இன்னொரு நடை.

கரை தட்டுவதற்கு முன்பே யார் எதைத் தூக்குவது என்பது முடிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு சுமைநடையிலும் அதே ஆள் அதே சுமையைத் தூக்கினால் பேச்சே தேவையில்லை. இறக்கியதும் மூட்டைகளைப் பாதையின் ஓரமாக வைத்து, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட வேண்டும்.

மூட்டையின் பாரம் தோளில் அல்ல, இடுப்பில் இருக்க வேண்டும். நல்ல முதுகுப் பைகளில் இடுப்புப் பட்டி உண்டு. அதை முதலில் இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டுத்தான் தோள்பட்டியை இழுக்க வேண்டும். நான் முதல் வருடம் முழுவதும் அந்தப் பட்டியைக் கட்டாமலே நடந்தேன். குடத்தை இடுப்பில் வைத்துத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நடந்தார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கனூவின் நடுவில் குறுக்காக ஒரு மரம் இருக்கும். கழுத்துக்கு இடம்விட்டு வளைத்து, இருபுறமும் தோள் பதியச் செதுக்கியிருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் மாட்டின் கழுத்தில் ஏற்றுவதற்கு இருக்கும் பெயரும் ஒன்றுதான். தமிழில் சொன்னால் நுகம். கனூவைத் தனி ஆளாகத் தூக்குபவர்கள் முதலில் அதைத் தங்கள் தொடைமேல் ஏற்றி, அங்கிருந்து ஒரு வீச்சில் தலைக்கு மேல் கவிழ்ப்பார்கள். பலத்தைவிடப் பழக்கம்தான் அதில் கூட. இன்னொரு முறையும் உண்டு. ஒருத்தி அணியத்தை மட்டும் உயர்த்திப் பிடிக்க, மற்றவள் கீழே நுழைந்து நுகத்தைத் தோளில் வாங்கிக்கொள்வாள். பின்பக்கம் சற்றே பாரமாக இருந்தால் அணியம் தானாக உயரும், முன்னால் வழி தெரியும். இரண்டு பேராகத் தூக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மகள் சொன்னபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

நான் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறேன். ஆட்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற்றுவது என் நாளின் பெரும்பகுதி. பயிற்சியில் என்னென்ன சொல்லித் தந்தார்களோ அதையெல்லாம் மகள் கனூவை வைத்துத் திரும்பச் சொன்னாள். முதுகை வளைக்காதே, முழங்காலை மடி. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடி. தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதே. தூக்கும் இயந்திரத்தை இரண்டு பேராக இல்லாமல் தொடாதே. அந்தக் கடைசி விதி எங்கள் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் காலையில் எனக்கு ஒன்பது பேர். இரண்டாவது ஆள் எப்போதும் வேறொரு அறையில். எட்டு மணிக்கு முன் ஒன்பது பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். நான் தனியாகத் தூக்கினேன், என்னோடு வேலை செய்பவர்களும் தனியாகத் தூக்கினார்கள். ஒரு நாள் வலது தோளில் ஏதோ அறுந்தது போல இருந்தது. ஆறு கிழமை வீட்டில் இருந்தேன். அந்தத் தோளோடுதான் அல்கொன்குவின் போனேன்.

வேலையிடத்துக் கூட்டங்களிலும் வினைத்திறன் என்ற சொல் அடிக்கடி வரும். அங்கே அதன் பொருள் அதே சுமையைக் குறைந்த ஆட்கள் தூக்குவது. காட்டில் அந்தச் சொல்லுக்கு நேர்மாறான பொருளைக் கண்டேன். இருக்கிற ஆட்களுக்கு ஏற்ப சுமையைக் குறைப்பது. ஒரு சுமையை எப்படித் தூக்குவது என்பதற்கு முன்னால், இதைத் தூக்கத்தான் வேண்டுமா என்று கேட்பது. நாற்பத்தொன்பது வயதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

---

வாடகைக்குக் கனூ எடுக்கும்போது இரண்டு விலை சொல்வார்கள். அலுமினியக் கனூ என்றால் ஏறத்தாழ 70 இறாத்தல், மலிவு. கெவ்லார் கனூ என்றால் 42 இறாத்தல், விலை கூட. 42 இறாத்தல் என்பது 19 கிலோ, ஒரு குடம் தலையிலும் ஒரு குடம் இடுப்பிலும் இருந்தால் வரும் பாரம். காசு உள்ளவர்களுக்குப் பாரம் குறைவு என்பதை இவ்வளவு நேராக ஒரு விலைப்பட்டியலில் நான் பார்த்ததில்லை.

அந்தக் கெவ்லாரைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். ஸ்டெபனி க்வொலெக். மருத்துவம் படிக்கக் காசு சேர்ப்பதற்காக டூபோன்ட் நிறுவனத்தில் வேதியியலாளராக வேலைக்குச் சேர்ந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 1965இல் அவர் உருவாக்கிய கரைசல் வழமை போலக் கெட்டியாக, தெளிவாக இல்லாமல் தண்ணீர் போலக் கலங்கலாக இருந்தது. வேறொருவர் என்றால் ஊற்றிக் கழுவியிருப்பார். நூலாக இழுக்கும் இயந்திரத்தைக் கவனித்தவர், இது இயந்திரத்தை அடைத்துவிடும் என்று முதலில் மறுத்தார். க்வொலெக் விடவில்லை. இழுத்த நூல், எடைக்கு எடை பார்த்தால் உருக்கைவிடப் பலமானதாக வந்தது. குண்டு துளைக்காத அங்கி என்றால் எல்லோருக்கும் கெவ்லார் ஞாபகம் வரும். எனக்கு அது வராது. தோள் நொந்த ஒரு பெண் தன் வள்ளத்தைத் தானே தூக்கலாம் என்று ஆக்கியவர் என்றுதான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாதைகளைப் பற்றிய படங்களில் எப்போதும் ஆண்கள்தான் இருப்பார்கள். உரோம வியாபாரக் காலத்தில் பிரெஞ்சுக் கனூக்காரர்கள் 90 இறாத்தல் கட்டுகளை இரண்டிரண்டாக, தலையில் மாட்டிய தோல்வாரில் தொங்கவிட்டுச் சுமந்தார்கள். அது உண்மை. அந்தத் தோல்வார் அவர்கள் கொண்டு வந்ததல்ல. அந்த மண்ணின் மக்களிடமிருந்து கற்றது. அவர்கள் ஏறிய மரப்பட்டைக் கனூவை வேர் நாரால் தைத்ததும், மரப்பிசின் பூசி ஒழுக்கை அடைத்ததும் பெரும்பாலும் பெண்கள். வடக்கே கொப்பர்மைன் ஆற்றைத் தேடி இரண்டு முறை புறப்பட்டு இரண்டு முறையும் தோற்றுத் திரும்பிய சாமுவேல் ஹேர்ன் என்ற ஆங்கிலேயருக்கு, டெனே தலைவர் மட்டோனபி சொன்ன காரணம் 1795இல் வெளிவந்த ஹேர்னின் நூலில் இருக்கிறது. பெண்களை அழைத்துப் போகாததுதான் தோல்விக்குக் காரணமாம். ஒரு பெண் இரண்டு ஆண்களின் பாரத்தைச் சுமப்பாளாம், சமைப்பாளாம், தைப்பாளாம், செலவும் குறைவாம். மூன்றாவது முறை 1770இல் பெண்களோடு புறப்பட்டார்கள். 1771இல் ஆற்றை அடைந்தார்கள். வரைபடத்தில் ஏறியது ஹேர்னின் பெயர்.

மட்டோனபி சொன்னதை ஹேர்னின் பேனா வழியாகத்தான் நாங்கள் கேட்கிறோம். அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதை அந்தப் பேனா எழுதவில்லை. இருந்தாலும் அந்தப் பகுதியை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. கெட்டிக்காரி, எதையும் தாங்குவாள், இரண்டு ஆளின் வேலையைத் தனியச் செய்வாள். இவையெல்லாம் எனக்கும் கிடைத்த பாராட்டுகள்.

---

இரண்டாம் வருடம் 2 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஒரு சுமைநடை எங்கள் வழியில் வந்தது. இம்முறை வீட்டிலேயே எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தோம். முதல் வருடம் ஒருமுறைகூடத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்த சாமான்களின் பட்டியலை மகள் எழுதி வைத்திருந்தாள். அதில் மருந்துப் பெட்டியை மட்டும் சிறியதாக்கி எடுத்தோம். மற்றதெல்லாம் வீட்டில் நின்றன. ஒரு கனூவுக்கு இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று சுமை: கனூ, பெரிய மூட்டை, சாப்பாட்டுப் பீப்பா.

கரையில் இறங்கியதும் மகள் சொன்னாள்: “நான் கனூவையும் மூட்டையையும் சேத்துத் தூக்கிறன். நீங்கள் பீப்பாவை மட்டும் கொண்டு வாங்கோ. ஒரே நடையிலை முடிச்சிடலாம்.”

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே நடை என்றால் 2 கிலோமீற்றர். ஒரு தடவை திரும்பி வந்து மீண்டும் போனால் 6 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. ஆனால் மூட்டையை முதுகில் போட்டு, அதன் மேல் கனூவையும் ஏற்றிக்கொள்ள அவள் குனிந்தபோது நான் கண்டது கணக்கை அல்ல. “உனக்குத் தோள் நோகுது, நீ விடு, நான் பாக்கிறன்” என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். அந்தக் குரல் அவளிடமிருந்து வந்தது. இருபத்திநாலு வயதில், சுகமான தோளோடு, என்னுடைய சுமையையும் சேர்த்து. நான் அவளுக்கு எதைக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு கணம் பயம் வந்தது.

“வேண்டாம்” என்றேன். “வேறை வழி இருக்கோ பார்.”

இருந்தது. அவள் கனூவை மட்டும் தூக்கிக்கொண்டு கடைசிவரை போனாள். நான் பெரிய மூட்டையைப் பாதிவழிவரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, பீப்பாவை எடுத்துக்கொண்டு கடைசிவரை போக வேண்டும். அவள் கனூவை அக்கரையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பாதிவழிக்கு வந்து, நான் இறக்கிய மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்புவாள். ஆளுக்கு 4 கிலோமீற்றர். அதில் 3 சுமையோடு, 1 வெறுங்கையோடு. இரண்டு பேருக்கும் சமம். கனூக்காரர்களும் நீண்ட பாதைகளை ஒரே மூச்சில் கடக்கவில்லை. அரை மைல் அளவில் ஓரிடத்தில் எல்லாச் சுமைகளையும் இறக்கி, திரும்பிப் போய் மிச்சத்தைக் கொண்டுவந்து, பிறகு அங்கிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் போஸ், இறக்கிவைத்தல் என்று பொருள். திரும்பி நடப்பதுதான் அவர்களுக்கு ஓய்வு.

மகள் தூக்கிப் போகும்போது எதிரே வந்த ஒருவர் கேட்காமலே கனூவின் பின்பக்கத்தைப் பிடித்து உயர்த்தினார். உதவிதான். சமநிலை குலைந்து அவள் சறுக்கினாள். விழவில்லை. “தயவுசெய்து விடுங்கள், நான் வைத்திருக்கிறேன்” என்று கனூவுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. அவர் மனம் நொந்துபோனது தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபமில்லை. நானும் இப்படித்தான் எத்தனையோ பேரின் சுமையைக் கேட்காமல் பிடித்திருக்கிறேன்.

பாதி வழியில் இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, குறுக்காக ஒரு மரக்கட்டை கட்டியிருந்தது. கனூவின் அணியத்தை அதில் சாய்த்துவிட்டுத் தோளை விடுவித்துக்கொள்ளலாம். திரும்பத் தூக்கும்போது தரையிலிருந்து தூக்கத் தேவையில்லை, கீழே நுழைந்தால் போதும். நான் மூட்டையை அதன் காலடியில் இறக்கிவைத்தேன். சுமைதாங்கி என்ற சொல் வாயில் வந்துவிட்டது.

எங்கள் ஊர் தீவுப்பகுதி. அங்கே பல கிணறுகள் சவர். குடிக்கிற தண்ணீருக்கு நல்லதண்ணிக் கிணறு தேடிப் போக வேண்டும். அம்மாவிடம் மூன்று குடங்கள் இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் இருந்த சுமைதாங்கிக் கல்லில் இறக்குவார். திரும்பிப் போய் இரண்டாவதைக் கொண்டு வருவார், பிறகு மூன்றாவது. மூன்றும் கல்லுக்கு வந்த பிறகு அங்கிருந்து வீட்டுக்கு அதே மாதிரி. பள்ளிக்கூடம் போகும் வயதில் எனக்கு அது விசர் வேலையாகப் பட்டது. நேரே வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பேன். கல்லில் வைத்த குடத்தைக் குனியாமல் இடுப்புக்கு எடுக்கலாம் என்பதும், பாதித் தூரத்துக்கொரு முறை கை காலியாகும் என்பதும் எனக்கு இங்கே வந்து, ஒரு காட்டு வழியில்தான் விளங்கின.

நின்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பீப்பாவுக்காகத் திரும்பி நடந்தேன். ஆயிரம் மீற்றர். கையில் ஒன்றுமில்லை, முதுகில் ஒன்றுமில்லை. வரும்போது என் கால் பெருவிரலை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த அதே பாதையில் இப்போது பாசி தெரிந்தது, பேர்ச் மரத்தின் வெள்ளைத் தோல் தெரிந்தது. எங்கேயோ ஏரியில் லூன் பறவை ஒன்று கூவியது. என் கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. பிறகு தாமாக வீசத் தொடங்கின. வேலைக்குப் போகும்போது பை, வரும்போது சாமான் பை, வீட்டுக்குள் உடுப்புக் கூடை. வெறுங்கையோடு ஆயிரம் மீற்றர் நான் கடைசியாக எப்போது நடந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

பீப்பாவோடு நான் சுமைதாங்கிக்கு வந்து சேர்ந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் கையை வீசிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தால் சரியாக அங்கேதான் சந்திப்பார்கள். கணக்கு அப்படி. பீப்பாவை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பேரீச்சம்பழம் சாப்பிட்டோம். அவள் மூட்டையை எடுத்தாள். நான் பீப்பாவை எடுத்தேன். மிச்ச வழியைச் சேர்ந்து நடந்தோம்.

---

திரும்பி வேலைக்குப் போன இரண்டாம் கிழமை, ஒரு காலையில் தூக்கும் இயந்திரத்தின் முன் தனியாக நின்றேன். கட்டிலில் இருந்தவருக்குத் தொண்ணூற்றொரு வயது. ஈரமாக இருந்தார். நான் மணியை அழுத்தி இரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன். வரும்வரை தூக்க மாட்டேன் என்றேன். பதினொரு நிமிடங்கள் எடுத்தன. அந்தப் பதினொரு நிமிடமும் அவர் ஈரத்திலேயே கிடந்தார். நான் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், போர்வையால் மூடிவிட்டேன், வேறொன்றும் செய்ய முடியவில்லை. “யாரும் வரவில்லையா?” என்று இரண்டு தடவை கேட்டார். என் தோளைக் காப்பாற்றியதற்கான விலையை அவர் கொடுத்தார். அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்.

மேற்பார்வையாளர் கேட்டபோது நேரத்தைக் குறித்துக் கொடுத்தேன். அடுத்த நாளும் குறித்தேன். என்னோடு கனூவில் வந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணும் குறிக்கத் தொடங்கினாள். இப்போது எங்கள் தளத்தில் ஆறு பேர் குறிக்கிறோம். இன்னும் ஒருவரைக் கூடுதலாக நியமிக்கவில்லை. ஆனால் காலை வேலையை அடுத்தடுத்த அறைகளுக்கு இரண்டு பேராகச் சேர்ந்து செய்யும்படி மாற்றியிருக்கிறார்கள். எட்டு மணிக்கு ஒன்பது பேரும் மேசைக்கு வருவதில்லை. எட்டரை ஆகிறது. ஒருவரும் பட்டினியில் சாகவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். காட்டில் கண்ட சுமைதாங்கியைப் பற்றியும் சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை.

“எங்கடை ஒழுங்கைக் கல்லு ஆருக்கு வைச்சது தெரியுமோ?” என்று கேட்டார்.

தெரியும். எங்கள் பக்கத்தில் சுமைதாங்கி வைப்பது வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக. அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்துக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க ஒரு கல்.

“அவவின்ரை பேர் என்ன அம்மா?”

“பேர் தெரியாது பிள்ளை. அப்பாவின்ரை ஆச்சி காலத்தாள் எண்டு சொல்லுவினம். நான் ஒவ்வொரு நாளும் அவவின்ரை மேலைதான் குடம் வைச்சனான். ஒருநாளும் பேர் கேக்கேல்லை.”

உயிரோடு இருந்தபோது அவளுக்கு இளைப்பாற ஒரு கல் இருந்ததா என்று நான் கேட்க நினைத்தேன். அம்மா அதற்குள் வேறு கதைக்குப் போய்விட்டார். இந்த வருடமும் போகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். அதே பாதையோ என்று கேட்டார். ஓம், இரண்டு கிலோமீற்றர், பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்றேன்.

“அது நல்லாயிருக்கும்” என்றார் அம்மா. “திரும்பி வரேக்கை கை வீசிக்கொண்டு வரலாம். நாங்கள் கிணத்தடிக்குப் போகேக்கைதான் கதைச்சுச் சிரிக்கிறது. வெறுங்குடம்தானே.”